சி.ஆர்.பி. 3.8-இல் இருந்து 41: டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு என்ன ஆகிறது?

11 பிப்ரவரி 2024 – கேள்வி

அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் போய், ஏழு மாதமாக வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஜனவரியில் எடுத்த சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 3.8. நேற்று வேறொரு லேபில் எடுத்தோம், 41 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சாப்பாடு மட்டும் குறைந்திருக்கிறது. டயாலிசிஸ் யூனிட்டில் கேட்டால் "டயாலிசிஸ்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஒரே மாதத்தில் பத்து மடங்கு ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி 2024, இரவு

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் பதினொரு வருடமாக டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிற ஆள். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் எதற்கு, ஒரே நாளிலேயே பத்து மடங்கு ஏறும். உடம்பில் எங்காவது கிருமியோ காயமோ வந்தால் ஐ.எல்.6 என்கிற செய்தி கல்லீரலுக்குப் போகிறது. ஆறு மணி நேரத்துக்குள் கல்லீரல் சி.ஆர்.பி.யைக் கொட்ட ஆரம்பிக்கும். இரண்டு நாளில் உச்சம். காரணம் தீர்ந்துவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது என்பதால்தான் அந்த 'சி'.

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுவது கையில் ஊசி குத்தியா, கழுத்து லைனிலா (கழுத்து ரத்தக்குழாயில் செருகி வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்)? டயாலிசிஸ் ஆரம்பித்து அரை மணி, ஒரு மணியில் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர் வருகிறதா? வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எடுக்கச் சொல்லுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரைக்காரருக்குப் புண் இருப்பதே தெரியாது.

12 பிப்ரவரி 2024, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். தங்கச்சி, ஜனவரி ரிப்போர்ட்டில் 3.8-க்குப் பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது? மி.கி./டெசிலிட்டரா, மி.கி./லிட்டரா? டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒன்று, அதனால் டெசிலிட்டர் என்றால் லிட்டர் கணக்கில் அது 38. சில லேப் அப்படிப் போடுகிறது, சில லேப் இப்படி. அடைப்புக்குள் இருக்கும் நார்மல் அளவைப் பாருங்கள். 0.5-க்குக் கீழ் என்று இருந்தால் டெசிலிட்டர், 5-க்குக் கீழ் என்று இருந்தால் லிட்டர்.

12 பிப்ரவரி 2024, மாலை

டெசிலிட்டர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 38-இல் இருந்து 41. பத்து மடங்கு ஏறவில்லை, ஏறவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த எண் சும்மாவே வாரத்துக்கு வாரம் அதைவிட அதிகமாக ஆடும்.

நீங்கள் "அப்பாடா" என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு அப்பாடா வரவில்லை. நேற்று வந்த காய்ச்சலால் ஏறிய 41 வேறு, மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் 40 வேறு. இரண்டாவதுதான் டயாலிசிஸ்காரர்களை உள்ளிருந்து அரிப்பது. 1999-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் 280 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்து வெளியிட்டார்கள். சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்கள் அதிகம் பேர் இறந்தார்கள், முக்கியமாக இதய நோயால். அதே காலத்தில் ஸ்டாக்ஹோமில் ஸ்டென்வின்கெல் என்பவரின் குழு சத்துக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய் தடிப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று கைகோத்து வருவதைக் காட்டியது. சாப்பாடு குறைந்திருக்கிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி எனக்கு அந்த 41-ஐ விடப் பெரிதாகப் படுகிறது.

"அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது, உண்மைதான். நிறையப் பேருக்கு இருப்பதால் அது சரியாகிவிடாது. மீதிப் பேருக்கு இல்லையே! அவர்களும் அதே மெஷினில்தான் படுக்கிறார்கள்.

கழுத்து லைன் ஏழு மாதமாக இருக்கிறது என்கிறீர்கள். நான் சந்தேகப்படும் முதல் ஆள் அதுதான். கிருமி கல்ச்சரில் வளராவிட்டாலும், பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு உடம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டாயிற்றா?

15 பிப்ரவரி 2024

டிசம்பரில் போட்ட ஃபிஸ்டுலா இன்னும் 'ரெடியாகவில்லை' என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு மாதம் ஆகிவிட்டதே, டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்களா? எங்காவது சுருக்கம் இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், பக்கக் கிளை ரத்தத்தை இழுத்தால் கட்டிவிடலாம். பந்து அமுக்கச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மட்டும் வைத்தியம் ஆகாது. கையில் காதை வைத்துக் கேளுங்கள். ஓயாமல் ஒரு இரைச்சல் வர வேண்டும். அது மெலிந்துகொண்டே போனால் அன்றே சொல்லிவிடுங்கள்.

20 பிப்ரவரி 2024

சிவகாசி நண்பர் கேட்டது: நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களே, சி.ஆர்.பி.யும் அதில் போய்விடாதா?

போகாது. மூலக்கூறின் எடையை டால்டனில் சொல்வார்கள். யூரியா 60 டால்டன், கிரியாட்டினின் 113. சி.ஆர்.பி. சுமார் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் துளைக்குள் நுழையவே நுழையாது. அதை அனுப்பச் சொல்லிக் கத்துகிற ஐ.எல்.6 இருபதாயிரத்துச் சொச்சம். அதுவும் சாதாரண டயலைசரில் லேசில் இறங்காது. சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்தில் அது இதையும் கழித்துக்கொண்டிருந்தது. கிருமியே இல்லாவிட்டாலும் நமக்கெல்லாம் அழற்சி கொஞ்சம் தூக்கலாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பது டயாலிசிஸ் தொடங்கும் முன்பு, அதே லேபில், சளி காய்ச்சல் இல்லாத வாரத்தில். ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று நான்கு மாத எண்கள் வரிசையாக வேண்டும்.

3 மார்ச் 2024

ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 940 என்று வந்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, இரும்பு ஊசி ஏற்றியது அதிகமாகிவிட்டது. நிறுத்திவிட வேண்டியதுதான். எனக்கும் போன வருடம் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

4 மார்ச் 2024

மேலே எழுதியது தப்பு. அழிக்கவில்லை, இதையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் ஷிஃப்டில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், அவரும் நோயாளிதான், என்னைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினார்.

ஃபெரிட்டின் இரும்புக் கிடங்கின் அளவு என்று நாம் நினைக்கிறோம். அழற்சி இருந்தாலும் அது ஏறும். அழற்சியில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அது கிடங்குக் கதவைப் பூட்டிவிடும். உள்ளே இரும்பு இருக்கிறது, எலும்பு மஜ்ஜைக்கு வந்து சேராது. ரத்தம் ஊறாது. ரத்தம் ஊற வைக்கும் எபோ ஊசியைக் கூட்டிக் கூட்டிப் போட்டாலும் ஹீமோகுளோபின் எட்டிலேயே நிற்கும். அதனால் ஃபெரிட்டினோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை) சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஃபெரிட்டின் 500-இல் இருந்து 1200 வரையும் சாச்சுரேஷன் 25 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு கிராம் இரும்பு ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றாதவர்களைவிட அவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. அப்படியானால் 940 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிறுத்துவது சரியில்லை.

உடம்பில் கிருமி ஓடிக்கொண்டிருக்கும்போது இரும்பு ஏற்றக் கூடாது என்பார்கள், கிருமிக்கும் இரும்பு தீனி. ஆக 940-ஐப் பார்த்ததும் கேட்க வேண்டியது: சாச்சுரேஷன் எவ்வளவு, அதே நாள் சி.ஆர்.பி. எவ்வளவு? எனக்கு நிறுத்திய காலத்தில் இந்த இரண்டையும் நான் கேட்கவே இல்லை. ஐந்து மாதம் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கினேன்.

7 ஏப்ரல் 2024

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்களில் சிலருக்கு உபயோகப்படலாம்.

ஒன்றரை வருடமாக என் சி.ஆர்.பி. 30-க்கும் 40-க்கும் நடுவில். கழுத்தில் லைன் இல்லை, வலது கையில் நல்ல ஃபிஸ்டுலா. காய்ச்சல் இல்லை. ஹீமோகுளோபின் 8.1, வாரம் 12,000 யூனிட் எபோ. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.1. முட்டை வெள்ளைக்கரு சாப்பிடு என்றார்கள். தினம் நாலு சாப்பிட்டேன், அதைப் பார்த்தாலே குமட்டும் வரைக்கும் சாப்பிட்டேன். ஆல்புமின் அசையவில்லை. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துவிட்டு சி.ஆர்.பி. செய்யப் போய்விடும் என்பதை யாரும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை என்று வீட்டில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அழுதது இப்போதும் நினைவிருக்கிறது.

போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். ஈறு முழுக்கச் சீழ், இரண்டு கடைவாய்ப் பல் வேரோடு அழுகியிருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் பிடுங்கினார்கள், ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸில் ஏற்றும் ஹெப்பாரின் ரத்தத்தில் இருக்கும் நாளில் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. மூன்று வாரம் கழித்து சி.ஆர்.பி. 36-இல் இருந்து 21. விடை கிடைத்துவிட்டது. எல்லோரும் வாயைத் திறந்து காட்டுங்கள்.

10 ஏப்ரல் 2024

மஞ்சள் பால் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஈரானில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மஞ்சள் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் அரிப்பும் சி.ஆர்.பி.யும் கொஞ்சம் குறைந்தன. குழம்பில் போடும் மஞ்சளை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தினம் ஒரு டம்ளர் பால் என்றால் பாஸ்பரஸ், பொட்டாசியம், அப்புறம் அந்த டம்ளர் தண்ணீர்க் கணக்கு. காப்ஸ்யூல் என்றால் உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. எண்ணைக் குறைப்பதும் நோயைக் குறைப்பதும் ஒன்றல்ல. கொழுப்பு மாத்திரை சி.ஆர்.பி.யையும் இறக்கும் என்று தெரிந்தபோது டயாலிசிஸ் உலகமே நம்பிக்கையோடு இருந்தது. மேலே சொன்ன வூர்ஸ்பர்க் குழுவில் இருந்த வானர் என்பவரே முன்னின்று ஜெர்மனியில் 1,255 சர்க்கரை டயாலிசிஸ் நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டின் சோதனை நடத்தினார். 2005-இல் முடிவு வந்தது, எதிர்பார்த்த பலன் இல்லை. 2009-இல் 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின். கெட்ட கொழுப்பு 43 சதவீதம் இறங்கியது, சி.ஆர்.பி.யும் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் குறையவில்லை. அடுப்பை அணைக்காமல் புகையை மட்டும் விசிறிவிட்ட கதை. இப்போது ஐ.எல்.6-ஐயே தடுக்கும் ஊசிகளைச் சோதிக்கிறார்கள். அதில் உயிர் மிச்சமாகிறதா என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.

(ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.)

2 மே 2024

பேச்சு டயாலிசிஸ் மெஷினில் ஓடும் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது, நல்லதுதான். நிமிடத்துக்கு 500 மில்லி, நாலு மணி நேரம் என்றால் 120 லிட்டர் தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நம் ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. கிருமி பெரியது, சவ்வைத் தாண்டாது. செத்த கிருமியின் துண்டுகள் தாண்டும். அதனால்தான் மிகத் தூய டயாலிசிஸ் நீர்மம் என்றால் ஒரு மில்லியில் 0.1 கிருமிக்கும் குறைவு, எண்டோடாக்சின் எனும் கிருமித் துண்டு நச்சு 0.03 அலகுக்கும் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தரத்துக்கு மாறிய இடங்களில் நோயாளிகளின் சி.ஆர்.பி. குறைந்திருக்கிறது.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளாண்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. பைகார்ப் கேனைப் பாருங்கள். பைகார்பனேட் கரைசல் கிருமிக்குச் சோறு மாதிரி. நேற்றுக் கலக்கியதன் மிச்சத்தில் இன்று ஊற்றிக் கலக்குவது தப்பு. ஒரே ஷிஃப்டில் இரண்டு மூன்று பேருக்குக் குளிர் வந்தால் லைனை மட்டும் சந்தேகப்படாமல் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கேட்டால் டெக்னீஷியன் தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் யூனிட்டில் நான் கேட்டபோது முதல் நாள் முறைத்தார்கள். அடுத்த வாரம் அவர்களே தண்ணீர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

டயலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதே காரணம் என்று அடித்துச் சொல்கிறவருக்கு: ஒழுங்காகக் கழுவி, உள்கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் தூக்கிப் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. அதை அளந்து எழுதுகிறார்களா என்பதுதான் கேள்வி.

19 மே 2024

மனது சரியில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஷிஃப்டில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூன்று மாதமாக நெஞ்சில் நீர். "தண்ணி அதிகம் குடிக்கிறீங்க" என்று உலர் எடையை (கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) குறைத்துக்கொண்டே வந்தார்கள். நீர் வலப் பக்கம் மட்டும். சி.ஆர்.பி. 60, அழற்சியைக் காட்டும் இன்னொரு டெஸ்டான ஈ.எஸ்.ஆர். 110. டயாலிசிஸில் ஈ.எஸ்.ஆர். எல்லோருக்கும் ஏறித்தான் இருக்கும், அதனால் யாரும் அதை மதிக்கவில்லை. கடைசியில் ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதித்தால் டி.பி. நம் ஊரில் டயாலிசிஸ்காரருக்கு டி.பி. பெரும்பாலும் நுரையீரலில் இருமலோடு வராது. நெஞ்சுறையில், நெறிக்கட்டியில், வயிற்றில் ஒளிந்துகொண்டு வரும். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை என்றால் அந்தச் சந்தேகத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

23 ஜூன் 2024

பல்தான் விடை என்று ஏப்ரலில் எழுதினேன். 21-க்கு வந்தது மறுபடி 33. பல் ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. இங்கே படித்துவிட்டுப் பல்லைக் காட்டப் போனவர்கள் போனது வீண் இல்லை, ஆனால் அவ்வளவு உறுதியாக நான் எழுதியிருக்கக் கூடாது.

புதிதாக வந்திருக்கும் நெஃப்ரோ (சிறுநீரக) டாக்டரம்மா என் இரண்டு கையையும் தடவிப் பார்த்தார். இடது முன்கையில் டயாலிசிஸுக்காக ஆறு வருடத்துக்கு முன்பு வைத்த செயற்கைக் குழாய் இருக்கிறது. கிராஃப்ட் என்பார்கள். இரண்டு வருடத்தில் அடைத்துப்போனது. வேலை செய்யாத குழாய்தானே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. நானே அதை மறந்துவிட்டேன். "இதை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அடைத்துப்போன கிராஃப்டில் சத்தமில்லாமல் கிருமி குடியிருக்கும் என்று 1998-லேயே அமெரிக்காவில் அயூஸ் என்ற டாக்டரும் கூட இருந்தவரும் எழுதியிருக்கிறார்களாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்து, அது செயலிழந்து, உள்ளேயே இருப்பவர்களுக்கும் இதே கதை உண்டு என்றார்.

அழற்சி இருக்கும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் பெட் ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கிறார்.

11 ஜூலை 2024

ஸ்கேனில் இடது கைக் குழாய் நெடுகப் பளிச்சென்று எரிகிறது.

4 ஆகஸ்ட் 2024

ஜூலை 26-ஆம் தேதி அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். குழாயைச் சுற்றிக் கலங்கலாக நீர், கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தது. டயாலிசிஸ் முடியும் நேரத்தில் வான்கோமைசின் ஏற்றுகிறார்கள். கையில் பதினான்கு தையல். இடது கையால் தட்டச்சு செய்ய முடியவில்லை, மகள் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அந்தக் கிருமி என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் தினம் சோப்புப் போட்டுக் கழுவிய கைக்குள்.

1 செப்டம்பர் 2024

சி.ஆர்.பி. 9. ஹீமோகுளோபின் 8.9, எபோ அதே அளவுதான். ஆல்புமின் இன்னும் 3.2. சி.ஆர்.பி. மாதிரி அது உடனே திரும்பாது. ஆல்புமினின் அரை ஆயுளே சுமார் 20 நாள். பொறுத்துப் பார்க்கிறேன்.

14 செப்டம்பர் 2024

இழையை ஆரம்பித்த தங்கச்சியிடம் இருந்து ஏழு மாதம் கழித்துச் செய்தி. ஃபிஸ்டுலாவில் டாப்ளர் எடுக்கச் சொல்லி இரண்டு ஊர் அலைந்திருக்கிறார். சுருக்கம் இருந்தது, மே மாதம் பலூன் வைத்தார்கள், ஜூலையில் இரண்டு ஊசி போட்டு முழு டயாலிசிஸ் ஓடியது, ஆகஸ்ட் முதல் வாரம் கழுத்து லைனை எடுத்தாயிற்று. நேற்று ரிப்போர்ட்: 7, மி.கி./லிட்டரில். அளவை அவரே எழுதிவிட்டார், நான் கேட்பேன் என்று தெரிந்து! அப்பா இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்கிறாராம்.

லைனை எடுத்ததால் மட்டும்தானா என்று அவரே கேட்கிறார். சரியான கேள்வி. நடுவில் வாரம் மூன்று டயாலிசிஸாக மாற்றினார்கள், கால் வீக்கம் வடிந்தது. உடம்பில் நீர் தேங்கினால் குடல் வீங்கி அங்கிருந்து கிருமித் துண்டுகள் ரத்தத்தில் கசியும் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கும். பங்கு பிரிக்க என்னால் முடியாது.

27 அக்டோபர் 2024

என் கணக்கு: சி.ஆர்.பி. 6, ஹீமோகுளோபின் 10.4, எபோ வாரம் 6,000-ஆகப் பாதி, ஆல்புமின் 3.6. முட்டை தினம் இரண்டு, குமட்டவில்லை. மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதி வரை நின்று நின்று ஏறினேன், மகள் கூட வந்தாள்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு டி.பி. மருந்து ஆறாவது மாதம். நீர் வற்றிவிட்டது, எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. அது உண்மையான எடையா, தண்ணீரா என்று நேற்று ஷிஃப்ட் முழுக்க விவாதம் நடந்தது. சதைதான் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவர் சிரித்தார்.

திண்டுக்கல்லில் இருந்து புதிதாகக் கேட்டவருக்கு: உங்கள் அம்மாவின் சி.ஆர்.பி. 2.6 என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது?